இரண்டு ‘மொழிபெயர்ப்பு’, ஒரு சேர்வர்



கொம்பியூட்டர் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்த அழைப்பு வரும். மாமாவின் கணக்கு ஒஃபிஸ், அம்மாவின் சிநேகிதி வேலை செய்யிற சட்டத்தரணியின் இடம், கோயில் நிர்வாகசபை, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம், ஏதோ ஒன்று. “நீ கொம்பியூட்டர்தானே படிக்கிறாய், ஒருக்கா வந்து பார்.” போனால் சில மேசையில் வின்டோஸ், சில மேசையில் மக், அலுமாரிக்குள் லினக்ஸ் ஓடுற ஒரு நாஸ் பெட்டி. முறைப்பாடு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: “ஃபைல் துலைஞ்சு போச்சு.”

பொட்காஸ்டில் சொல்லாமல் இதைக் கடிதமாக எழுத ஒரு காரணம் இருக்கு. கண்ணால் பார்த்தாலே ஒன்று போலத் தெரியிற இரண்டு பெயர்களைப் பற்றின விஷயம் இது. காதால் கேட்டு விளங்கவே விளங்காது.

நான் கொன்ட்ராக்ட் ஐடி வேலை செய்யிறனான். கலவை ஒஃபிஸ்களில் இத்தனை வருஷம் பார்த்ததில் ஒன்று சொல்லலாம். ஃபைல் சேர்வர் உண்மையிலேயே பழுதாகிறது குறைவு. ஒரே கேள்விக்கு மூன்று சிஸ்டம் மூன்று பதில் வைத்திருக்கும். நீ யார், உனக்கு என்ன உரிமை, இந்த ஃபைலுக்கு என்ன பெயர் என்று கேட்டால் மூன்றும் மூன்று மாதிரிச் சொல்லும். எந்தக் கேள்வியில் பதில் பிரியுது என்று கண்டுபிடித்தால் மிச்சம் லேசு.

அந்த ஒஃபிஸ்

ஸ்காபரோவில் ஒரு சின்ன ஒஃபிஸ். ஆவண மொழிபெயர்ப்பும் படிவம் நிரப்பிக் கொடுக்கிறதும் வேலை. பிறப்புச் சான்று, விவாகப் பதிவு, காணி உறுதி இப்படி. ஐந்து வின்டோஸ், மூன்று மக். முந்தி ஒரு பழைய மக் மினியும் அதில் கொழுவின ஹாட் டிஸ்க்கும் சேர்வராக இருந்தது. மூன்று மாதத்துக்கு முதல் அதை நிப்பாட்டி, புதுசாக ஒரு நாஸ் வாங்கி, எல்லாவற்றையும் அதில் கொப்பி பண்ணியிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது.

பொது இடத்தில் ‘மொழிபெயர்ப்பு’ என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர்.

முன்மேசையில் மக்கில் வேலை செய்யிற அக்கா சொன்னா: “தம்பி, நான் ரெண்டையும் திறந்து பாத்திட்டன். ரெண்டுக்குள்ளயும் ஒரே சாமான்தான். ஒண்டு சும்மா கொப்பி.”

வின்டோஸில் இருக்கிற மூத்த மொழிபெயர்ப்பாளர் ஐயா சொன்னார்: “இல்லை தம்பி. ஒண்டுக்குள்ள என்ர பழைய வேலை எல்லாம் கிடக்கு. மற்றதுக்குள்ள நான் காணாத ஃபைல் எல்லாம் கிடக்கு. ரெண்டும் வேற வேற.”

ஐயாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. “வயசு போனால் உந்த மெஷின் சரிவராது” என்று குசினிப் பக்கம் ஒருவர் சொன்னது எனக்கும் கேட்டது, ஐயாவுக்கும் கேட்டிருக்கும். முதலாளி அண்ணை தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்: “வெள்ளிக்கிழமையோட ரெண்டில ஒண்டை அழிக்கிறம். இனித் தமிழில ஃபைலுக்குப் பேர் வைக்கிறேல்ல. எல்லாம் இங்கிலிஷ்.”

நான் போனது புதன்கிழமை.

கீழேயிருந்து மேலே

இப்படி ஒரு இடத்துக்குப் போனால் உடனே அந்த இரண்டு ஃபோல்டரில் கை வைக்கக் கூடாது. நான்கு படி இருக்கு. சேர்வரிட்டப் போக முடியுதா? போனால் அது உன்னை யார் என்று நினைக்குது? உனக்கு என்ன செய்ய அனுமதி? கடைசியாக, ஃபைலின் பெயர். கீழ்ப்படி சரியில்லாமல் மேற்படியை நோண்டினால் நேரம்தான் போகும்.

முதற்படி: போக முடியுதா?

மூன்று சிஸ்டமும் இன்றைக்குப் பொதுவாகப் பேசுற பாஷை எஸ்எம்பி. 1983 அளவில் ஐபிஎம்-மில் பாரி ஃபைகன்பாம் தொடக்கி வைத்தது. பிறகு மைக்ரோசொஃப்ட் எடுத்து வளர்த்தது. லினக்ஸ் பக்கத்தில் இதைப் பேசுற மென்பொருளின் பெயர் சம்பா. அரிசி இல்லை. கன்பராவில் இருக்கிற அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அன்ட்ரூ ட்ரிஜல், நெட்வேர்க்கில் போய்வாற பக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்து 1991 கடைசியில் எழுதத் தொடங்கினது. பெயரில் எஸ், எம், பி மூன்றும் இந்த ஒழுங்கில் வர வேணும் என்று கொம்பியூட்டரில் இருந்த அகராதியைத் தேடினதில் கிடைத்த சொல்தான் சம்பா. நீங்கள் கடையில் வாங்குற நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் உள்ளே ஓடுறது இதுதான். அப்பிள் பக்கத்தில் முந்தி ஏஎஃப்பி என்று தனிப் பாஷை இருந்தது. 2013இல் வந்த மவெரிக்ஸோடு அவர்களும் எஸ்எம்பி-யை முதல் தெரிவாக்கிவிட்டார்கள்.

இந்தப் படியில் அடிக்கடி பார்க்கிற இரண்டு விஷயம்.

ஒன்று, பழைய எஸ்எம்பி 1. 2017 மே மாதம் வன்னாகிரை உலகம் முழுக்கப் பரவி இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளைக்கூட முடக்கினது இந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த வருஷக் கடைசியில் இருந்து புது வின்டோஸில் அதை இயல்பாகப் போடுறதில்லை. சம்பாவும் 2019இல் 4.11 பதிப்போடு மூடிவிட்டது. அதனால் புது சேர்வர் வந்த அன்றைக்குப் பழைய ஃபோட்டோ கொப்பி மெஷின் ஸ்கான் பண்ணி ஃபோல்டருக்கு அனுப்ப மாட்டேன் என்று நிற்கும். அதற்காக எஸ்எம்பி 1-ஐத் திறந்து விடாதீர்கள். ஸ்கானை ஈமெயிலுக்கு அனுப்பச் செய்யலாம்.

இரண்டாவது, வின்டோஸின் ‘நெட்வேர்க்’ பக்கத்தில் சேர்வர் தெரியவில்லை என்றால் சேர்வர் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அந்தப் பழைய பட்டியலே எஸ்எம்பி 1-ஐ நம்பி இருந்தது. ஐபி எண்ணை நேரடியாக அடித்துப் பாருங்கோ. 445ஆம் போர்ட் பதில் சொன்னால் முதற்படி சரி.

இரண்டாம் படி: நீ யார்?

“கடவுச்சொல் சரி, ஆனால் விடுது இல்லை” என்று சொன்னால் முதலில் பார்க்கிறது மெஷின் ஞாபகம் வைத்திருக்கிற பழைய கடவுச்சொல். வின்டோஸில் கிரெடென்ஷியல் மனேஜர், மக்கில் கீசெயின். இன்னொன்று, வின்டோஸ் ஒரு சேர்வருக்கு ஒரே நேரத்தில் ஒரே ஆளாகத்தான் போகும். ஒரு ஃபோல்டருக்கு ஒரு பெயரிலும் மற்றதுக்கு இன்னொரு பெயரிலும் போக வெளிக்கிட்டால் 1219 என்ற எண்ணோடு பிழை சொல்லும்.

பெயரே கேட்காமல் ‘கெஸ்ட்’ என்று திறந்து வைத்திருந்த ஒஃபிஸ்கள் இப்போது அடிபடுது. 2024இல் வந்த வின்டோஸ் 11 24எச்2-இல், புரோ மெஷின்கள் ஒவ்வொரு பக்கெட்டுக்கும் கையொப்பம் கேட்கும், கெஸ்டாகப் போகவும் விடாது. நேற்று வரைக்கும் வேலை செய்தது அப்டேட்டுக்குப் பிறகு நிற்குது என்றால் இதைப் பாருங்கோ. மருந்து லேசு: ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு கடவுச்சொல்.

மூன்றாம் படி: என்ன அனுமதி?

மக்கில் முதல் ஆளின் எண் 501. பெரும்பாலான லினக்ஸில் முதல் ஆள் 1000. எஸ்எம்பி வழியாகப் போனால் சேர்வர் பெயரைக் கேட்டுத் தன் கணக்கோடு பொருத்தும். சாதாரண என்எஃப்எஸ் வழியாகப் போனால் இந்த எண்ணைத்தான் பார்க்கும். ஒரே ஃபோல்டருக்கு இரண்டு வாசல் வைத்தால், ஒரு வாசலால் வந்து போட்ட ஃபைலை மற்ற வாசலால் வந்தவர் திருத்த முடியாமல் நிற்பார். ஃபைலை யார் திறந்து வைத்திருக்கிறது என்ற பூட்டுக் கணக்கும் இரண்டு வாசலுக்கும் ஒன்றாக இருக்காது. ஆகவே ஒரு ஃபோல்டருக்கு ஒரு வாசல்தான்.

எல்லாரும் ஒரு குழு. புதுசாகப் போடுற எந்த ஃபைலும் அந்தக் குழுவுக்குச் சொந்தம், குழுவில் யாரும் திருத்தலாம் என்று சேர்வரிலேயே கட்டிவிட வேணும். “அவ போட்ட ஃபைலை நான் மாத்தேலாது” என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி இதோடு போயிடும்.

“வேற ஆள் திறந்து வச்சிருக்கினம்” என்று வேர்ட் சொல்லும்போது உண்மையில் யாரும் திறந்திருக்காமலும் இருக்கலாம். வேர்ட் ஒரு ஃபைலைத் திறந்தால் பக்கத்தில் ~$ என்று தொடங்கிற ஒளிந்த சின்ன ஃபைல் ஒன்றைப் போடும். லப்டொப் மூடி வைஃபை அறுந்தால் அது அப்படியே கிடக்கும். சம்பாவின் எஸ்எம்பி-ஸ்டேட்டஸ் கட்டளை எந்த ஃபைலை யார் திறந்திருக்கிறார்கள் என்று காட்டும். அதில் ஒருவரும் இல்லை என்றால் மட்டும் அந்தச் சின்ன ஃபைலை அழியுங்கோ.

ஸ்காபரோ ஒஃபிஸில் இந்த மூன்று படியும் அரை நாளில் முடிந்தது. பெரிய பிழை இல்லை. இரண்டு ‘மொழிபெயர்ப்பு’ அப்படியே இருந்தது.

நான்காம் படி: பெயர்

சனிக்கிழமை வகுப்பில் ‘மொ’ எழுதப் பழகினதை நினைத்துப் பாருங்கோ. முதலில் கொம்பு, பிறகு ம, பிறகு அரவு. எழுத்து ஒன்று, ஆனால் கையில் மூன்று துண்டு.

யூனிகோடிலும் இதே கதைதான். ‘மொ’-வை இரண்டு விதமாக வைக்கலாம்:

ம + ொ
ம + ெ + ா

முதலாவதில் கொம்பும் அரவும் ஒட்டின ஒரே குறி. இரண்டாவதில் இரண்டு குறி. திரையில் இரண்டும் ‘மொ’தான். யூனிகோட் விதிப்படியும் இரண்டும் ஒன்றுக்கொன்று சமம். ஒட்டின வடிவத்துக்கு என்எஃப்சி என்று பெயர், பிரிச்ச வடிவத்துக்கு என்எஃப்டி என்று பெயர். தமிழில் இப்படிப் பிரியிறது நான்கே நான்கு: ொ, ோ, ௌ என்ற குறிகளும் ‘ஔ’ என்ற எழுத்தும். மற்ற எதுவும் பிரியாது.

இப்போது ஒவ்வொரு சிஸ்டமும் என்ன செய்யுது என்று பாருங்கோ.

பழைய மக் டிஸ்க் அமைப்பு எச்எஃப்எஸ் பிளஸ். 1998இல் வந்தது. நீங்கள் எந்த வடிவத்தில் பெயர் கொடுத்தாலும் அது பிரிச்சுத்தான் எழுதி வைக்கும். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் நீங்கள் கொடுத்தபடியே வைக்கும், ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாக எடுக்கும். வின்டோஸின் என்டிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும், ஒப்பிட்டுப் பார்க்காது. வின்டோஸில் சாதாரணமாகத் தமிழில் அடித்தால் வாறது ஒட்டின வடிவம். லினக்ஸுக்கு இது எதுவும் கணக்கில்லை. அதற்குப் பெயர் என்றால் பைட் வரிசை. பைட் வேறு என்றால் பெயர் வேறு.

யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘மொழிபெயர்ப்பு’ ஒட்டின வடிவத்தில் 13 குறி, 39 பைட். பிரிச்ச வடிவத்தில் 14 குறி, 42 பைட். அந்த நாஸ் பெட்டியைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு ஃபோல்டர்.

நான் முதலில் பைட்டைப் பார்க்கவில்லை. எது எது குழம்புது என்று ஒரு பட்டியல் எழுதினேன். ‘பிறப்பு’ ஃபோல்டர் சரி. ‘விவாகம்’ சரி. ‘காணி’ சரி. ‘மொழிபெயர்ப்பு’ பிழை. ‘ஸ்காபரோ’ பிழை. ‘ரொறன்ரோ’ பிழை. தமிழே பிரச்சினை என்றால் ‘பிறப்பு’ம் பிழைக்க வேணுமே? பிழைச்சது எல்லாவற்றிலும் கொம்பும் அரவும் சேர்ந்து வருது. முதலாளி அண்ணைக்குக் காட்டக்கூடிய சாட்சியும் அதே பட்டியலில் இருந்தது: மொன்றியலைப் பிரெஞ்சு முறைப்படி, எழுத்துக்கு மேலே சாய்கோடு போட்டு எழுதின ஃபோல்டர். அதுவும் பிழை. அந்தச் சாய்கோட்டு எழுத்தும் யூனிகோடில் இப்படியே இரண்டாகப் பிரியும். இது தமிழின் குறை இல்லை. கனடாவின் மற்ற அரச மொழிக்கும் அதே வருத்தம்தான்.

இரண்டு பேரும் சொன்னது உண்மை

நடந்தது இதுதான். பழைய மக் மினியில் பெயர்கள் எல்லாம் பிரிச்ச வடிவத்தில் இருந்தன. அங்கே இருக்கும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அந்த டிஸ்க் எந்த வடிவத்தில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். நாஸ் வந்தபோது ஆர்சிங்க் மூலம் நேரே கொப்பி பண்ணியிருக்கிறார்கள். பிரிச்ச பெயர்கள் பிரிச்சபடியே லினக்ஸில் போய் விழுந்தன.

அடுத்த நாள் அக்கா மக்கில் ‘மொழிபெயர்ப்பு’வைத் திறக்கிறா. மக் எஸ்எம்பி வழியாகக் கேட்கும்போது பெயரை ஒட்டித்தான் அனுப்பும். சேர்வரில் 42 பைட் பெயர் இருக்கு. மக் கேட்டது 39 பைட் பெயர். “அப்படி ஒன்று இல்லை” என்று பதில். கண்ணுக்கு முன்னால் தெரியுது, திறக்குது இல்லை. வேலை நிற்கக் கூடாது என்று அக்கா அதே பெயரில் புதுசாக ஒன்று போட்டா. அது ஒட்டின பெயரோடு உருவானது. மக்காரர் மூன்று பேரும் அன்றிலிருந்து அதற்குள் வேலை செய்தார்கள்.

இப்போது அக்காவின் திரையில் இரண்டு ஃபோல்டர். எதை அமத்தினாலும் மக் ஒட்டின பெயரைத்தான் கேட்கும், ஆகவே புதுசுதான் திறக்கும். இரண்டுக்குள்ளும் ஒரே சாமான் என்று அவ கண்டது உண்மை.

ஐயாவின் வின்டோஸ், சேர்வர் கொடுத்த பெயரை மாற்றாமல் அப்படியே திருப்பிக் கேட்கும். அவருக்கு இரண்டும் தனித்தனியாகத் திறந்தது. இரண்டும் வேறு என்று அவர் கண்டதும் உண்மை. குசினியில் சொன்ன கதைக்கு நேர்மாறாக, சேர்வரில் உள்ளதை உள்ளபடி பார்த்துக்கொண்டிருந்தவர் ஐயா மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அழிப்பு நடந்திருந்தால்? மக்கிலிருந்து எதைத் தெரிவு செய்து அழித்தாலும் போவது புதுசு, மக்காரரின் மூன்று மாத வேலை. வின்டோஸிலிருந்து பழசை அழித்தால் ஐயாவின் முழு வேலை. அடுத்த கிழமை நேர்முகத்துக்குப் போக இருந்த ஒரு அம்மாவின் பிறப்புச் சான்று மொழிபெயர்ப்பு புது ஃபோல்டரில் மட்டும்தான் இருந்தது. வேறு எங்கும் பிரதி இல்லை.

எப்படிச் சேர்த்தோம்

செய்த ஒழுங்கைச் சொல்றேன். இந்த ஒழுங்கு முக்கியம்.

முதலில் எல்லாரையும் வெளியே அனுப்பி, அந்தப் பொது இடத்தை ‘வாசிக்க மட்டும்’ என்று மாற்றினேன். பிறகு நாஸில் ஒரு ஸ்னப்ஷொட், வெளி டிஸ்க்கில் ஒரு முழுப் பிரதி. இரண்டும் முடியும் வரைக்கும் ஒரு பெயரையும் தொடவில்லை.

பிறகு சேர்வரிலேயே, லினக்ஸ் கட்டளை வரியில் வேலை. மக்கிலிருந்தோ வின்டோஸிலிருந்தோ இதைச் செய்யக் கூடாது, ஏனென்றால் குழப்பத்துக்குக் காரணமே அந்த இரண்டு கண்ணாடிகள்தான். இரண்டு ஃபோல்டரிலும் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் எடுத்து ஒப்பிட்டேன். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் இருந்தவை ஐந்து. அதில் மூன்று அச்சொட்டாக ஒன்று. மற்ற இரண்டிலும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தம் செய்திருந்தார்கள். அதை மெஷின் தீர்மானிக்கக் கூடாது. ஐயாவையும் அக்காவையும் ஒரு மேசையில் இருத்தி, எந்த வசனம் சரி என்று பார்க்க வைத்தோம். கால் மணித்தியாலம்.

பெயர்களை ஒட்டின வடிவத்துக்கு மாற்ற கொன்வ்எம்வி என்று ஒரு சின்ன நிரல் இருக்கு. அதில் எனக்குப் பிடித்த விஷயம், சும்மா ஓட்டினால் ஒன்றையும் மாற்றாது. என்ன மாற்றப் போகுது என்று பட்டியல் மட்டும் காட்டும். உண்மையாக மாற்ற வேணும் என்றால் ‘நோடெஸ்ட்’ என்று தனியாகச் சொல்ல வேணும். மோதுற ஃபோல்டர்களை முதலில் கையால் ஒன்றாக்கி, மிச்சத்தை அதனிடம் விட்டோம்.

நாளைக்கு நீங்களே பழைய மக் டிஸ்க்கில் இருந்து லினக்ஸுக்கு மாற்றுவதாக இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. ஆர்சிங்க் 3இல் இருந்து கொப்பி பண்ணும்போதே பெயரின் வடிவத்தை மாற்ற ‘ஐகொன்வ்’ என்ற தெரிவு இருக்கு. அதைப் போட்டால் வாசலிலேயே முடிந்தது.

பிரதி எடுக்கும்போது ._ என்று தொடங்கிற ஃபைல்கள் நிறையக் காண்பீர்கள். மக் தன்னுடைய மேலதிகத் தகவலை வைக்கிற இடம் அது. குப்பை என்று கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள். பழைய மக் எழுத்துருக்கள் சிலவற்றில் உண்மையான எழுத்துருவே அதற்குள்தான் இருக்கும். சம்பாவில் ‘ஃப்ரூட்’ என்று ஒரு மொடியூல் இருக்கு. அப்பிளுக்காக எழுதினது, பெயரிலேயே தெரியும். அதைப் போட்டால் இந்தத் தகவலைச் சேர்வர் ஒழுங்காக உள்ளே வைத்துக்கொள்ளும். போடுவதென்றால் எல்லாப் பொது ஃபோல்டருக்கும் ஒரே மாதிரிப் போடுங்கோ.

தமிழில் பெயர் வைக்கலாமா?

முதலாளி அண்ணையின் தடைக்கு வருவோம். அவருக்கு இன்னொரு நியாயமும் இருந்தது: “நீளமா தமிழ்ப் பேர் வச்சா சேவ் ஆகுதில்லை.” அது உண்மை. வின்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறி வரைக்கும் இடம். லினக்ஸில் 255 பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் என்றால் 85 குறிதான். மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு குறி, விசிறியும் ஒரு குறி. எங்கட ஆட்களின் முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர், ஆவணத்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரே ஃபைல் பெயரில் அடைத்தால் 85 கெதியாக முடிந்துவிடும். அதே ஃபைல் டெஸ்க்டொப்பில் சேவ் ஆகும், சேர்வரில் ஆகாது.

ஆனால் தமிழைத் தடை செய்தால் என்ன நடக்கும்? ‘ழ’ வாற ஒரு பெயரை இங்கிலிஷில் எழுதச் சொல்லிப் பாருங்கோ. மூன்று பேர் மூன்று மாதிரி எழுதுவார்கள். ‘யாழ்ப்பாணம்’ என்ற ஊருக்கே எத்தனை இங்கிலிஷ் எழுத்துக்கூட்டல் பார்த்திருப்பீர்கள். தேடினால் கிடைக்காது, கிடைக்காவிட்டால் புதுசாக ஒன்று போடுவார்கள். இரண்டு ஃபோல்டர் பிரச்சினை ஐந்து ஃபோல்டர் பிரச்சினையாகும். அந்த ஐந்தையும் ஒன்றாக்க எந்த நிரலும் இல்லை. ஒட்டினதையும் பிரிச்சதையும் மெஷின் சேர்த்துவிடும். ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலை மெஷினால் சேர்க்க முடியாது. மூலச் சான்றிதழில் எப்படி எழுதியிருக்கோ அப்படியே தமிழில் பெயர் வைக்கிறதுதான் இந்த வேலைக்குச் சரியான பெயர்.

நான் சொன்னதை அண்ணை உடனே ஏற்கவில்லை. வெறும் ‘மொ’வை இரண்டு விதமாக அடித்து, இரண்டையும் சேர்வரில் போட்டுக் காட்டின பிறகுதான் ஏற்றார். தடைக்குப் பதிலாக ஒஃபிஸ் சுவரில் இப்போது நான்கு வரி இருக்கு:

1. பெயர் தமிழில் இருக்கலாம். ஒரு வரியைத் தாண்டக் கூடாது. விவரம் ஃபோல்டரில் இருக்கட்டும், எல்லாம் ஃபைல் பெயரில் வேண்டாம்.

2. பெயருக்குள் / \ : * ? " < > | வேண்டாம். மக் இவற்றில் பலதை விடும், வின்டோஸ் விடாது. பெயரின் கடைசியில் புள்ளியும் இடைவெளியும் வேண்டாம்.

3. திகதி வருஷம், மாதம், நாள் என்ற ஒழுங்கில், நடுவில் சின்னக் கோடு. எந்த மெஷினிலும் தானாக வரிசைப்படும்.

4. ஒரே பெயரில் இரண்டு கண்டால் அழிக்காதே. கூப்பிடு.

சேர்வர் பக்கத்தில், ஒவ்வொரு இரவும் பிரிச்ச பெயர் ஏதாவது வந்திருக்கா என்று தேடி எனக்கு ஈமெயில் அனுப்பிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். அது தானாக ஒன்றையும் மாற்றாது. ஸிப் ஃபைல் வழியாகவும் வெளி டிஸ்க் வழியாகவும் இப்படியான பெயர் திரும்ப உள்ளே வரலாம்.

உங்களைக் கூப்பிட்டால்

அடுத்த முறை “ஒருக்கா வந்து பார்” என்று கூப்பிட்டால் இந்த ஒழுங்கில் கேளுங்கோ. எந்த மெஷினில் தெரியுது, எந்த மெஷினில் தெரியவில்லை? எந்தப் பெயர் பிழைக்குது, எந்தப் பெயர் பிழைக்கவில்லை? எந்த நாளில் தொடங்கினது, அதற்கு முதல் நாள் என்ன மாற்றினார்கள்? பிரதி இருக்கா? இந்த நான்குக்கும் பதில் எழுதின பிறகு கீபோர்ட்டில் கை வையுங்கோ. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் பொய் என்று எடுக்காதீர்கள். இரண்டும் உண்மையாக இருக்க சேர்வரில் என்ன நடந்திருக்க வேணும் என்று யோசியுங்கோ.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: பைத்தானில் ‘ஸ்காபரோ’ என்ற சொல்லின் நீளத்தைக் கேளுங்கோ. 7 வந்தால் ஒட்டினது, 8 வந்தால் பிரிச்சது. பிறகு உங்கள் வீட்டு நாஸில் கிடக்கிற பழைய குடும்பப் படங்களின் ஃபோல்டர் பெயர்களையும் அப்படியே பாருங்கோ, முக்கியமாக ஒரு காலத்தில் மக்கில் இருந்து வந்தவற்றை. ‘கொழும்பு’, ‘கோயில்’, ‘பொங்கல்’ என்று பெயர் வைத்த ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். பிரிச்சது கண்டால் எங்களுக்கு எழுதுங்கோ. ஆனால் முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கோ.